முகவரி மாறவில்லை

தாளம்பாறைக் கூட்டு ரோட்டில் இறங்கி, "பி.ஏ. வூடு எதுங்க?" என்று கேட்டால், ஆடு மேய்க்கிறவர்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவார். கோயிலுக்குத் தெற்கே, புங்க மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டு வீடு. வாசலில் ஒரு மாட்டு வண்டி நிற்கும். அதன் பக்கப் பலகையில் நீல வர்ணத்தில் 'ச. இன்னாசிராஜ், பி.ஏ.' என்று எழுதியிருக்கும். காரிமங்கலம் சந்தைக்குப் போகிற வண்டிகளில் பெயர் எழுதிய வண்டிகள் எத்தனையோ உண்டு. பட்டம் எழுதிய வண்டி அது ஒன்றுதான்.

எழுதவைத்தவர் இன்னாசிராஜின் அப்பா சவுரியப்பன். அதற்கும் முன்னால் அவர் அந்த இரண்டு எழுத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுவிட்டார். 1963ஆம் வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு பத்திரிகை அடிக்கத் தருமபுரிக்குப் போனார். அச்சாபீஸ்காரர், "மாப்ள பேருக்குப் பின்னால படிப்பு ஏதாச்சும் போடணுங்களா?" என்று கேட்டார்.

"போடுப்பா, பி.ஏ.ன்னு. பரிட்ச எழுதி முடிச்சிட்டான். ரெண்டு மாசத்துல வந்துரும். அதுக்கோசரம் இன்னொரு வாட்டி பத்திரிகை அடிப்பாங்களா யாராச்சும்?"

கல்யாணம் மே மாதம் நடந்தது. பேப்பரில் ரிசல்ட் ஜூன் மாதம் வந்தது. இன்னாசிராஜின் நம்பர் அதில் இல்லை.

அந்தப் பட்டம் அவனுக்கு வரவே இல்லை என்பது தாளம்பாறையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் இன்னாசிராஜ். இன்னொருத்தி அவன் பெண்சாதி தெரசா. ஆனால் தெரசாவுக்குத் தெரியும் என்பது இன்னாசிராஜுக்குத் தெரியாது. பத்து வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

சேலத்துக் கல்லூரியில் 1960இல் இருபத்தெட்டுப் பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கடைசி நாளன்று மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு கடிதம் என்று சத்தியம் செய்தார்கள். ஒரு வருஷத்துக்குள் போட்ட கடிதத்தில் பாதி திரும்பி வந்தது. ஒருவனுக்கு ரெவின்யூவில் வேலை, இன்னொருவனுக்கு ரயில்வே, இன்னும் சிலர் வாத்தியார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றல். இன்று ஓசூரில் இருப்பவன் நாளைக்குத் திருப்பத்தூரில் இருப்பான். கூட்டத்திலேயே விலாசம் மாறாத ஒரே ஆள் இன்னாசிராஜ்தான். நிலத்தை விட்டு எங்கே போவான்?

முதலில் அதைக் கண்டுபிடித்தவன் ராஜப்பன். தருமபுரியில் குமாஸ்தாவாக இருந்தான். 'இன்னாசி, நீ ஒருத்தன்தான் இருந்த இடத்தில் இருக்கிறாய். இனி எல்லோரும் உனக்கே எழுதுகிறோம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று நீ மற்றவர்களுக்குச் சொல்' என்று எழுதினான். அன்றைக்கு இன்னாசிராஜ் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்ததைத் தெரசா பார்த்தாள். அவனைக் குத்துகிற வார்த்தைதான் அது. எல்லோரும் போய்விட்டார்கள், நீ மட்டும் நின்றுவிட்டாய். ஆனால் மறுநாள் காலையில் கம்பைநல்லூருக்குப் போய் இருபத்தேழு கார்டு வாங்கிவந்தான். ஒவ்வொன்றிலும் எல்லோருடைய புது விலாசத்தையும் பொடி எழுத்தில் எழுதினான். அடியில் ஒரு வரி: 'என் முகவரி மாறவில்லை.'

அன்றிலிருந்து அதுதான் அவன் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சுற்றுக் கடிதம் போனாலும் கடைசி வரி அதுதான். இன்னொன்றையும் தெரசா கவனித்து வைத்திருந்தாள். ஊரெல்லாம் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்கிற அந்த இரண்டு எழுத்தை, அவன் தன் கையால் ஒரு நாளும் எழுதியதில்லை.

வேலை பெருகியது. எல்லாவற்றையும் ஒருவனே செய்ய முடியாது என்று தன் வகுப்புச் செட்டைப் பஸ் லைன்படி பிரித்தான். அரூர் லைன், கிருஷ்ணகிரி லைன், சேலம் லைன், ஓசூர் லைன். லைனுக்கு ஒருவன் பொறுப்பு. தன் லைனில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அவன் இன்னாசிராஜுக்குச் சொல்ல வேண்டும். தபாலில் போனால் தாமதம் என்கிற சேதிகளை எடுத்துப்போகச் சவரி இருந்தான். சவரி அதே வகுப்பில் சேர்ந்தவன். அப்பா இறந்ததும் இரண்டாம் வருஷத்திலேயே படிப்பை விட்டுவிட்டுப் பஸ் கண்டக்டர் ஆனவன். வருஷம் ஒரு தடவை செட்டு கூடும். முதல் கூட்டத்தில் ஒருவன், "சவரிதான் படிச்சு முடிக்கலையே, அவனுக்கு எதுக்குக் கடுதாசி?" என்று கேட்டானாம். இன்னாசிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணா சேந்தமா இல்லியா? சேந்தவன் எல்லாம் செட்டு. முடிச்சவன் முடிக்காதவன்னு கணக்கு பாக்கறதா இருந்தா வேற ஆள வெச்சுக்கங்க" என்றானாம். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இதைத் தெரசாவிடம் சொன்னவன் சவரியேதான்.

1968இல் மதலைமுத்து காமாலையில் இறந்துபோனான். ஒரே பிள்ளை. அவன் ஆத்தா அரூர்ப் பக்கம் தனியாக இருந்தாள். மாதம் ஒருவர் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று இன்னாசிராஜ் முறை போட்டான். ஐந்து வருஷத்தில் ஒரு மாதம் தவறவில்லை. சேலத்துக்காரன்கூட லீவு போட்டுவிட்டு வந்து, அந்த அம்மாவுக்கு விறகு உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் நினைக்கும்போது தெரசாவுக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

*

1973 அக்டோபர். கடலைக்காய் பிடுங்குகிற சமயம். மழை பின்வாங்கி மண் இறுகிப் போயிருந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டுத் தழை மட்டும் கையோடு வந்தது. தெரசாவும், கூலிக்கு வந்த பாஞ்சாலியும் மாதம்மாளும் களைக்கொத்தால் கிளறிக் கிளறிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் தபால்காரர் மாதேஸ்வரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பி.ஏ. சாருக்கு நாலு கடுதாசிங்க. உங்க வூட்டுத் தபாலுக்குன்னே தனியா ஒரு பை தெக்கணும் போல."

"எங்கூட்டு ஆளுக்கு ஒரு கடுதாசி வருதா பாரு" என்றாள் பாஞ்சாலி. "வந்தா போலீசு டேசன்ல இருந்து வந்தாத்தான் உண்டு."

"உங்கூட்டு ஆளுக்கு எழுதுனா யாரு படிக்கறது? நீயா?" என்றாள் மாதம்மாள்.

"படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு உங்கூட உக்காந்து கல்லக்கா பொறுக்கறேன்?"

சிரிப்பு அடங்குவதற்குள், கொஞ்சம் தள்ளிக் கடப்பாரையோடு நின்றிருந்த இன்னாசிராஜ் ஒரு கடிதத்தைப் படித்து முடித்திருந்தான். தெரசா நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் செத்துப் போயிருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தான். அன்று மத்தியானம் களி உருண்டையைத் தட்டில் வைத்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊத்திக் கொடுத்தாள். நடுவில் குழி பறித்ததோடு சரி. இரண்டு விள்ளல்கூட உள்ளே போகவில்லை.

"என்னாங்க, களி இறுகிப் போச்சா?"

"இல்ல, பசியில்ல."

சாயங்காலம் அவன் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனபோது, கழற்றிப் போட்டிருந்த சட்டையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள் அவள்.

ராஜப்பன் எழுதியிருந்தான். 'கல்லூரியில் பழைய மாணவர் சங்கம் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டுமாம். நம் செட்டில் உன்னைத் தவிர வேறு யாரையும் யோசிக்கக்கூட இல்லை. வருகிற ஞாயிறு பத்தாம் வருஷக் கூட்டத்துக்கு உன் வீட்டுக்கு வரும்போது படிவத்தைக் கொண்டுவருகிறேன். தேர்ச்சி பெற்ற ஆண்டும் பட்டப் பதிவு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சர்ட்டிபிகேட்டை எடுத்து வை. உன் அப்பாவின் முன்னால் கையெழுத்துப் போட்டால் அவருக்கும் பெருமையாக இருக்கும்.'

ஒன்பது கூட்டத்தையும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கெங்கோ வைத்தவன் இன்னாசிராஜ். பத்தாவதைத் தாளம்பாறையில்தான் வைக்கவேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தபோது அவனால் மறுக்க முடியவில்லை. இப்போது அவர்கள் படிவத்தோடு வருகிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் இன்னாசிராஜ் உட்கார்ந்து இருபத்தாறு கார்டு எழுதினான். வழக்கமாக எழுதும்போது பாட்டு முணுமுணுப்பான். அன்றைக்குச் சத்தமே இல்லை. எழுதி முடித்துக் கட்டித் தெரசாவிடம் கொடுத்தான்.

"கம்பைநல்லூருக்கு உப்பு, மொளகா வாங்கப் போறியே. இதப் போட்டுடு."

"என்னாங்க எழுதியிருக்கீங்க?"

"ஞாயித்துக்கெழம கூட்டம் இல்ல. மழ இல்ல, தண்ணி இல்ல, மாட்டுக்குச் சொகமில்லன்னு எழுதியிருக்கேன்."

"மாட்டுக்கு என்னா? நல்லாத்தான திங்குது?"

"போடுன்னா போடு தெரசா." அவன் குரல் கெஞ்சியது. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

கம்பைநல்லூர் தபாலாபீஸ் வாசலில் சிவப்புப் பெட்டி முன்னால் நின்று மேலே இருந்த கார்டைப் படித்தாள். 'தவிர்க்க முடியாத காரணத்தால் ஞாயிறு கூட்டம் இல்லை. இனிச் செட்டு வேலையை ராஜப்பன் பார்த்துக்கொள்வான். எல்லோரும் அவனுக்கே எழுதவும். அன்புடன், ச. இன்னாசிராஜ்.' அவ்வளவுதான். கடைசி வரியைத் தேடினாள். இல்லை. அடுத்த கார்டைப் பார்த்தாள். அதிலும் இல்லை. இருபத்தாறிலும் இல்லை.

கை பெட்டிக்குள் போக மறுத்தது.

அப்போது அரூர் பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிக்கொண்டு வந்த சவரி அவளைப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

"அண்ணி! ஞாயித்துக்கெழம பதினாறு பேரு உறுதி. ஓசூர்க்காரன் சனிக்கெழமையே கெளம்பறானாம். ராத்திரி எங்கூட்டுலதான் படுக்க. என்னா போடப் போறீங்க, கறியா, பருப்பா?"

"நீங்க என்னா எதிர்பாக்கறீங்க?"

"நான் எத எதிர்பாத்தும் வரல அண்ணி. பத்து வருசமா டிக்கட் கிழிக்கறவனுக்கு, 'பிரசென்ட் சார்'னு சொல்ல வருசத்துல ஒரு நாளுதான். அதுக்கு வரேன்." விசிலை ஊதிக்கொண்டே ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

தெரசா உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். கார்டுக் கட்டு அவள் கூடையின் அடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கேழ்வரகு கொட்டிவைத்த கேவுருப் பானைக்குள் கையை விட்டு அடியில் புதைத்தாள்.

*

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், இன்னாசிராஜ் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அவனிடம் போனாள்.

"என்னாங்க, நாளைக்குப் பதினாறு பேரு வராங்க."

"யாரு?"

"உங்க செட்டு."

"கார்டு?"

அவள் உள்ளே போய்ப் பானையில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கட்டை எடுத்து வந்தாள். கார்டுகளிலிருந்து கேவுரு மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. இன்னாசிராஜ் வாளியைக் கீழே போட்டான். மாடு மிரண்டு பின்வாங்கியது.

"உனக்கு என்னா தெரியும்னு இப்பிடிப் பண்ணுன?"

"எல்லாந் தெரியும்."

"என்னா எல்லாம்?"

"கல்யாணமாகி நாலாம் மாசம். சர்ட்டிபிகேட் வாங்க சேலம் போறேன்னு சொன்னீங்க. போறதுக்கு மொத நாளு உங்க சட்டையத் தொவைக்கறப்ப பையில ஒரு சீட்டு நனஞ்சு போச்சு. பரிட்ச நம்பரு போட்ட சீட்டு. அடுப்போரம் வெச்சுக் காயவெச்சு, உங்க செபப் புஸ்தகத்துல வெச்சேன். சர்ட்டிபிகேட் வாங்கப் போறவருக்குப் பரிட்ச நம்பரு எதுக்கு?"

அவன் தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சீட்டு மொரமொரவென்று இருந்தது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"பத்து வருசமாவா?"

"பத்து வருசமாத்தான்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதற ஆளு, வூட்டுல இருக்கறவளுக்கு ஒரு வரி சொல்லலியே."

"என்னாத்த சொல்றது? பி.ஏ.ன்னு நம்பித்தான உங்கப்பா உன்னக் குடுத்தாரு."

"எங்கப்பா அதப் பாத்திருக்கலாம். நான் பாத்தது வேற. அந்த மதலைமுத்து செத்தப்ப அவங்க ஆத்தாளுக்கு மாசாமாசம் ஆள் போறாப்ல பண்ணுனீங்களே, அது எந்தப் பரிட்சையில வருது? போனவங்கல்லாம் பட்டம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்கள ஒண்ணா வெச்சிருக்கறது யாரு?" கட்டை அவன் முன்னால் நீட்டினாள். "கார்டுல அந்தக் கடைசி வரிய எழுதாம வுட்டுட்டீங்க. அதான் போடல."

இன்னாசிராஜ் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். தெரசா விளக்கை ஏற்றினாள். சாயங்கால மணி அடித்து ஓய்ந்தது. அரை மணி கழித்து அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"அரிசி எத்தினி படி இருக்குது?"

"மூணு."

"பத்தாது. களியும் கிண்டிடு. சேலத்துக்காரனுங்களும் தின்னு பாக்கட்டும். ஆட்டுக்கு இன்னைக்கே சொல்லிட்டு வந்துடறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டவன் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு நானே சொல்லிடறேன்."

"மாமா இருக்கறப்பவா?"

"அப்பா இருக்கறப்பத்தான்."

அந்த வார்த்தைக்குத்தான் தெரசா பயந்தாள். எழுபது வயசு மனுஷன். கோயிலிலும் சந்தையிலும் மகன் பட்டத்தைச் சொல்லிச் சொல்லியே நிமிர்ந்து நடக்கிறவர். அவர் நாளைக்குப் பதினாறு பேர் முன்னால் அதைக் கேட்கப்போகிறார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவுரியப்பன் வெள்ளை வேட்டியோடு தானே வண்டியைப் பூட்டினார். "நான் ஓட்டறேன்பா" என்று சொன்ன இன்னாசிராஜை, "நீ செகரட்டரி. வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லு" என்று இறக்கிவிட்டார். கூட்டு ரோட்டுக்கு இரண்டு நடை போனார். பலகை எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார் என்பது தெரசாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, உங்க வண்டியே பட்டதாரியா இருக்குதுங்களே!" என்று இறங்கும்போதே ராஜப்பன் சத்தம் போட்டான்.

"ஆமாப்பா. மாடுங்க ரெண்டும் இன்னும் பி.யு.சி.தான்" என்றார் சவுரியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசிராஜ் சிரிக்கவில்லை.

கூட்டம் எப்போதும் ஆஜர் எடுப்பதில்தான் தொடங்கும். கல்லூரியில் சேர்ந்த வரிசைப்படி நம்பர். புங்க மர நிழலில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். இன்னாசிராஜ் பழைய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டான். தொந்தி விழுந்த மனுஷர்கள் எழுந்து நின்று "பிரசென்ட் சார்" என்றார்கள். அடுப்படியில் ஆட்டுக்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த பாஞ்சாலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கெட்டாங்க போ!"

"பதினாலு" என்றான் இன்னாசிராஜ். மதலைமுத்துவின் நம்பர். எல்லோரும் எழுந்தார்கள். அரூர் லைன் பொறுப்பாளன் மட்டும் பேசினான். "ஆத்தா நல்லா இருக்குது. போன செவ்வாக்கெழம போய்ப் பாத்தேன். கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ணணும். தேதி சொல்றேன்."

பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. அடுத்தது இருபது என்றான். பத்தொன்பதைத் தாண்டிவிட்டான். பத்தொன்பது அவன் நம்பர். ஒவ்வொரு வருஷமும் தானே கூப்பிட்டுத் தானே எழுந்து நின்று பதில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரி, "டேய், ஒண்ண வுட்டுட்ட" என்றான்.

இருபத்தெட்டு வரைக்கும் கூப்பிட்டு முடித்துவிட்டு இன்னாசிராஜ் நோட்டை மூடினான்.

"பத்தொம்போது நம்பரு பரிட்சையில தேறல" என்றான். "இங்கிலீஷ் பேப்பரு. மூணு வாட்டி எழுதுனேன். அப்பறம் எழுதல. ராஜப்பன் கொண்டாந்திருக்கற பாரத்துல எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பத்து வருசம் உங்ககிட்ட மறைச்சேன். எங்கப்பாகிட்ட மறைச்சேன். இந்த நோட்ட யாராச்சும் வாங்கிக்கங்க."

நோட்டை நீட்டியபடி நின்றான். யாரும் கையை நீட்டவில்லை. தெரசா அடுப்படியிலிருந்து மாமனாரைத்தான் பார்த்தாள். அவர் வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிப் பலகையில் இருந்த நீல எழுத்தைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சவரிதான் முதலில் எழுந்தான்.

"நான் ரெண்டாம் வருசமே ஓடுனவன். என்ன வெளிய தள்ளப் பாத்தப்ப நீ என்னாடா சொன்ன?"

இன்னாசிராஜ் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுடா. எல்லாருங் கேக்கட்டும்."

"சேந்தவன் எல்லாம் செட்டு."

"அது எனக்கு மட்டும் சொன்ன ஞாயமா? உனக்குன்னு வேற வெச்சிருக்கியா? நோட்ட மடியில வையி. வெச்சிட்டு பத்தொம்போதக் கூப்புடு."

"சவரி..."

"கூப்புடுடா! மத்தியானம் அரூர் பஸ்ஸப் புடிக்கணும் நானு."

ராஜப்பன்தான் எழுந்து, "பத்தொம்போது!" என்று கத்தினான். பதினாறு பேரும் சேர்ந்து "பிரசென்ட் சார்!" என்று போட்ட சத்தத்தில் புங்க மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

ராஜப்பன் படிவத்தைத் தொடைமேல் வைத்து, பேனாவைத் திறந்து, 'தேர்ச்சி பெற்ற ஆண்டு', 'பட்டப் பதிவு எண்' என்று அச்சடித்திருந்ததை ஒரே கோடாக அடித்தான். மேலே, 'சேர்ந்த ஆண்டு: 1960' என்று எழுதினான்.

"டேய், அச்சடிச்ச பாரத்துல அடிக்கலாமாடா? ஆபீசுல இருக்கற ஆளு நீ" என்றான் கிருஷ்ணகிரிக்காரன் ஒருவன்.

"ஆபீசுல இருக்கறதாலதான் தெரியும். அடிச்ச எடத்துல கையெழுத்து போட்டுட்டா செல்லும். ஒருத்தரு போட்டா போதும். நாம பதினாறு பேரும் போடுவோம்."

கோட்டின் ஓரத்தில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் கையெழுத்து ஓடியது.

பந்தி போட்டார்கள். ஒரு பக்கம் நெல்லுச் சோறு, ஒரு பக்கம் களி. சேலத்துக்காரர்கள் களியை மென்று பார்த்து விழிக்க, மாதம்மாள், "முழுங்கணுங்க சாமி, மெல்லக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தாள். சவுரியப்பன் மட்டும் இலைக்கு வரவில்லை. தெரசா தட்டோடு அவரிடம் போனாள்.

"மாமா, சாப்புடுங்க."

"உனக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ம்" என்றார். எழுந்து பந்தியின் தலைமாட்டில் வந்து நின்றார். மகனைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க வண்டியில எழுதிட்டீங்கப்பா."

"எழுதத் தெரிஞ்ச எனக்கு அழிக்கத் தெரியாதா?" பிறகு ராஜப்பன் பக்கம் திரும்பினார். "ஏப்பா, இவன் செய்யறான் பாரு, இந்த செகரட்டரி வேல. இதுக்கு என்னா பரிட்ச?"

"பரிட்சல்லாம் இல்லீங்க ஐயா."

"சம்பளம்?"

"அதுவும் இல்லீங்க. எல்லாருங் கைதூக்கி எடுக்கணும்."

"எடுத்தீங்களா?"

"பத்து வருசமா அவந்தானுங்க. தனியா யாரும் தூக்கல."

"அப்ப இப்பத் தூக்குங்க. நான் பாக்கணும்."

ஒரு கணம்தான். பந்தியில் உட்கார்ந்திருந்த பதினாறு பேரும் கையைத் தூக்கினார்கள். இடது கையைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. சோற்றுக் கைதான் மேலே போயிற்று. குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. சேலத்துக்காரன் விரலில் களி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் பாஞ்சாலியும் எதற்கென்று தெரியாமல் கரண்டியோடு கையைத் தூக்கினாள். தெரசாவும் தூக்கினாள்.

சவுரியப்பன் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் போல. முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சரி, சாப்புடுங்க, ஆறிடும்" என்றார். "தெரசா, எனக்கும் ஒரு எல போடும்மா. இவன் பக்கத்துல போடு."

*

பொங்கலுக்கு வண்டிக்கு வர்ணம் அடிக்க ஆள் வந்தான். சவுரியப்பன் பழைய எழுத்தைத் தானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வைத்திருந்தார். 'ச. இன்னாசிராஜ், செகரட்டரி, 1960 செட்டு' என்று எழுதச் சொன்னார்.

"செட்டுன்னா பம்பு செட்டுங்களா?" என்று கேட்டான் அவன்.

"இது அதவிடப் பெருசுப்பா. நீ எழுது."

ஊரில் யாரும் அதைப் பார்த்துப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நடந்தது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் அது பி.ஏ. வீடுதான். மாதேஸ்வரன் இன்றைக்கும் வரப்பில் வரும்போதே, "பி.ஏ. சாருக்குத் தபாலுங்க" என்றுதான் குரல் கொடுக்கிறார். இன்னாசிராஜ் அதற்கு இப்போது சிரிக்கிறான்.

போடாத இருபத்தாறு கார்டையும் தெரசா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அவன் புதுசாக எழுதிக் கொடுத்தான். மதலைமுத்துவின் ஆத்தாவுக்குக் கண் ஆப்பரேஷன் தேதி, யார் யார் எந்த நாள் ஆஸ்பத்திரியில் கூட இருப்பது என்ற முறை, கிருஷ்ணகிரி லைனுக்கு ஒரு புது விலாசம். கம்பைநல்லூர் தபால் பெட்டியின் முன்னால் நின்று தெரசா முதல் கார்டின் அடியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். இருபத்தாறும் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

எல்லாவற்றிலும் கடைசி வரி இருந்தது. என் முகவரி மாறவில்லை.